ஒருக்களிச்சு படுக்குற ஆளா? மெத்தை வாங்க கிளம்புறதுக்கு முன்னாடி இதை படிச்சுட்டு போங்க

மெத்தைக் கடைக்குப் போனா நம்மாளுங்க வழக்கமா என்ன செய்வாங்க, கையை வச்சு ரெண்டு அமுக்கு அமுக்குவாங்க, ஓரத்துல உக்காந்து லேசா குதிச்சு பாப்பாங்க, அப்புறம் நேரா விலைக்கு போயிடுவாங்க. கொஞ்சம் ஆர்வமான ஆளுன்னா செருப்பை கழட்டிட்டு மல்லாந்து படுத்து, கூரையை ஒரு நிமிஷம் பாத்துட்டு "ம்ம், ஓகே"ன்னு எழுந்திருப்பாரு. வீட்டுல ராத்திரி முழுக்க ஒருக்களிச்சு படுக்குற ஆளுக்கு இந்த சோதனை எதுக்கும் உதவாது, உள்ளங்கைக்கு தெரியறது வேற, தோள்பட்டைக்கு தெரியறது வேற.

மல்லாந்து படுத்தா உடம்பு எடை முதுகு, பின்பக்கம், தொடைன்னு பரவலா இறங்கும். ஒருக்களிச்சு படுத்தா பெரும்பங்கு எடை தோள்லயும் இடுப்பெலும்புலயும் போய் உக்காருது, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல உள்ள அந்த பள்ளம், அதாவது இடை, அந்தரத்துல நிக்குது. அதனால நமக்கு வேண்டிய மெத்தை ஒரே நேரத்துல ரெண்டு வேலை செய்யணும். தோளும் இடுப்பெலும்பும் உள்ள இறங்க இடம் விடணும், இடையை கீழ இருந்து தாங்கணும். லேட்டக்ஸா ஸ்பிரிங்கா, எந்த பிராண்டு, எத்தனை இன்ச்சு, எல்லாம் இந்த ரெண்டு வேலையும் நடக்குதான்னு பாத்த பிறகு பேச வேண்டிய விஷயம்.

இங்க ஒரு பழைய நம்பிக்கையை ஓரம் கட்டிட்டு போவோம். முதுகு வலின்னு சொன்னாலே வீட்டுல பெரியவங்க "மெத்தையெல்லாம் வேணாம், தரையில பாய் போட்டு படு"ன்னுவாங்க, கடைக்காரரும் அதுக்கு ஏத்த மாதிரி கல்லு மாதிரி உள்ளதை காட்டி "இது ஆர்த்தோ, முதுகுக்கு நல்லது"ன்னுவாரு. ஆர்த்தோன்னு பேர் போடறதுக்கு எந்த டாக்டரும் கையெழுத்து போட வேண்டியதில்லை, அது கம்பெனி வைக்கிற பேரு. 2003ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒண்ணு இருக்கு, நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேருல பாதி பேருக்கு ரொம்ப கெட்டியான மெத்தை, பாதி பேருக்கு நடுத்தர கெட்டி மெத்தை குடுத்து 90 நாள் பாத்தாங்க, நடுத்தரத்துல படுத்தவங்களுக்குத்தான் வலி நல்லா குறைஞ்சிருந்துச்சு. முதுகு வலிக்கே இப்படின்னா, ஒருக்களிச்சு படுத்து தோள் எலும்பை பலகை மேல வச்சு அழுத்திக்கிட்டே தூங்குற ஆளோட கதி என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

முதல் வேலை: இப்ப எங்க வலிக்குதுன்னு கவனிங்க

கடைக்கு போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் காலையில எழுந்ததும் உடம்பை கவனிச்சு போன்ல குறிச்சு வச்சுக்குங்க. தோள் வலி, கை மரத்துப் போறது, விரல் நுனியில ஊசி குத்துற மாதிரி இருக்குறது, இடுப்பெலும்பு பக்கவாட்டுல நோவுறது, இதெல்லாம் பெரும்பாலும் மெத்தை மேல்பக்கம் ரொம்ப கெட்டியா இருக்குன்னு அர்த்தம். கீழ்முதுகு பிடிச்சுக்கிட்டு, எழுந்து அரை மணி நேரம் நடந்தா சரியாயிடுதுன்னா இடுப்பு ரொம்ப கீழ இறங்கிடுச்சு, மெத்தை தொங்கிப் போச்சு இல்ல ரொம்ப சாஃப்ட். கழுத்து மட்டும்னா மெத்தைக்கு முன்னாடி தலையணையை பாருங்க, அதுக்கு கீழ வர்றேன். பகல்லயும் விடாம மரத்துப் போனாலோ, வலி ராத்திரி தூக்கத்துலேயே எழுப்பி விட்டாலோ கிளினிக் போங்க, அதுக்கு மெத்தைக் கடை மருந்து குடுக்காது.

எடையும் முக்கியம். 60 கிலோவுக்கு கீழ உள்ளவங்க நடுத்தரம்னு சொல்ற மெத்தையில படுத்தாக்கூட தோள் உள்ள இறங்காது, அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் சாஃப்ட் வேணும். 60லருந்து 90 வரைக்கும் நடுத்தரம் பொதுவா ஒத்துப்போகும். 100ஐ தாண்டினவங்க சாஃப்ட் மெத்தையில அடிவரைக்கும் இறங்கிடுவாங்க, அவங்களுக்கு மேல மெதுவாவும் அடியில நல்லா கெட்டியாவும் உள்ள தடிமனான மெத்தை வேணும். கடையில 1லருந்து 10 வரைக்கும் கெட்டித்தன்மை அளவு காட்டுவாங்க, ஒருக்களிச்சு படுக்குறவங்களுக்கு 4லருந்து 6க்குள்ளதான் பெரும்பாலும் சரியா வரும், ஆனா இந்த நம்பருக்கு பொதுவான ஸ்டாண்டர்டு கிடையாது, ஒரு கம்பெனியோட 5 இன்னொரு கம்பெனியோட 7ஆ இருக்கும். அதனால நம்பர் ஒரே கம்பெனி மெத்தைங்களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடறதுக்கு மட்டும்தான்.

அகலமான தோள் உள்ள ஆம்பளைங்களுக்கு தோள் பக்கம் கூட ஆழம் வேணும், இடுப்பு அகலமான பொம்பளைங்களுக்கு இடுப்பு பக்கம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே மெத்தைன்னா ரெண்டு பேரும் சேர்ந்துதான் கடைக்கு போகணும், ஒருத்தர் மட்டும் போய் "அவருக்கு எதுவா இருந்தாலும் ஓகேதான்"னு வாங்கிட்டு வர்ற வேலை வேணாம்.

சைஸ் விஷயம், சீக்கிரமா

இங்க மலேசியாவுல நம்ம ஊர் அளவு சிங்கிள் 91க்கு 190 சென்டிமீட்டர், சூப்பர் சிங்கிள் 107க்கு 190, குவீன் 152க்கு 190, கிங் 183க்கு 190. ஐகியாவுல நீளம் 200, அகலம் குவீனுக்கு 150, கிங்குக்கு 180. அதாவது ஐகியா கட்டில்ல வெளிக்கடை மெத்தை போட்டா கால்மாட்டுல 10 சென்டிமீட்டர் இடைவெளி விழும், ஐகியா மெத்தையை உள்ளூர் கட்டில்ல போட்டா உள்ளயே இறங்காது, பெட்ஷீட்டும் அதே கதை. கட்டிலையும் மெத்தையையும் வேற வேற இடத்துல வாங்குறவங்க டேப் வச்சு அளந்துட்டு போங்க. முழங்காலை மடக்கி ஒருக்களிச்சு படுக்குறவங்களுக்கு நீளத்தை விட அகலம்தான் கூட வேணும், அறையில இடம் இருந்தா தனி ஆளு கூட சூப்பர் சிங்கிள் எடுக்குறது நல்லது.

உள்ள என்ன இருக்கு

பொன்னெல் ஸ்பிரிங்: எல்லா ஸ்பிரிங்கும் கம்பியால ஒண்ணோட ஒண்ணு கட்டியிருக்கும், விலை மலிவு. தோள் அழுத்துற இடத்துல மட்டும் இறங்காது, பக்கத்துல உள்ளதையும் சேர்த்து இழுத்துக்கிட்டு இறங்கும், பக்கத்துல படுத்திருக்குற ஆளு புரண்டா நமக்கும் ஆடும். ஒருக்களிச்சு படுக்குறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

தென்னை நார், இலவம்பஞ்சு: நார் மெத்தை ரொம்ப கெட்டி, அடி லேயரா இருந்தா ஓகே, அது மட்டுமே மெத்தைன்னா தோளுக்கு ஆகாது. கெகாபு மெத்தை, அதான் இலவம்பஞ்சு, பாட்டி வீட்டுல வெயில்ல காயப்போட்டு தட்டி எடுப்பாங்களே அது, புதுசுல சொகமா இருக்கும், போகப் போக அமுங்கி கட்டி கட்டியா போயிடும்.

பாக்கெட் ஸ்பிரிங்: ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனி துணிப்பையில இருக்கும், அதனால தோள் உள்ள இடம் மட்டும் இறங்கும், இடை உள்ள இடம் மேல நிக்கும். நமக்கு வேண்டியது இதுதான். ஆனா ஸ்பிரிங்குக்கு மேல என்ன போட்டிருக்காங்கன்னு கட்டாயம் கேளுங்க, குறைஞ்சது 2, 3 இன்ச்சு நல்ல ஃபோமோ லேட்டக்ஸோ இருக்கணும், மெல்லிசா ஒரு பஞ்சு லேயர் மட்டும்னா ஒரு வருஷத்துல ஸ்பிரிங் தோள்ல தெரிய ஆரம்பிச்சுடும். பாக்கெட் ஸ்பிரிங் மேல லேட்டக்ஸ் போட்டதை ஹைப்ரிட்னு விப்பாங்க, காசு இருந்து எதுன்னு புரியாம நிக்கிறவங்க முதல்ல அதை படுத்து பாருங்க.

லேட்டக்ஸ் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா நம்ம தாத்தா பாட்டி விடியக்காலையில எழுந்து சீவின பால்மரத்துலருந்து வர்ற சாமான் இது. மரத்துலருந்து வடியற பால்ல ரப்பர் சுமார் 30லருந்து 35 சதவீதம்தான் இருக்கும், மீதி பெரும்பாலும் தண்ணி. அதை மெஷின்ல சுத்தி 60 சதவீதத்துக்கு கெட்டியாக்கி, காத்தடிச்சு நுரையாக்கி, அச்சுல ஊத்தி வேக வைப்பாங்க. இப்படி நுரை ரப்பர் செய்யற வழியை 1929ல இங்கிலாந்துல டன்லப் கம்பெனியில கண்டுபிடிச்சாங்க, இன்னைக்கும் அந்த முறைக்கு டன்லப்னுதான் பேரு. இன்னொரு முறை டாலலே, அதுல அச்சுக்குள்ள காத்தை உறிஞ்சி, உறைய வச்சு அப்புறம்தான் வேக வைப்பாங்க, அது இன்னும் கொஞ்சம் சாஃப்டாவும் மேலயும் கீழயும் ஒரே சீராவும் இருக்கும். டன்லப் முறையில அடிப்பக்கம் கொஞ்சம் கெட்டியா வரும்.

ஒருக்களிச்சு படுக்குறவங்களுக்கு லேட்டக்ஸ் ஏன் பிடிக்கும்னா, தோள் வச்ச உடனே இறங்கும், புரண்டா உடனே திரும்ப எழுந்திருக்கும், குழியில மாட்டிக்கிட்ட உணர்ச்சி இருக்காது. உள்ள காத்து ஓட்டை இருக்குறதால சூடு தங்காது, தூசுப் பூச்சியும் சுலபமா சேராது. ஆனா "100 சதவீதம் நேச்சுரல்"னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா எதுக்கு 100 சதவீதம்னு கேளுங்க, மேல 2 இன்ச்சு மட்டும் நேச்சுரலா, உள்ள முழுக்கவா, செயற்கை ரப்பர் கலந்ததான்னு. முடிஞ்சா ஜிப்பை திறந்து காட்டச் சொல்லுங்க, நல்ல கடையில வெட்டி வச்ச சாம்பிள் துண்டு இருக்கும். லேசா ரப்பர் வாடை வரும், தோட்டத்துல வளர்ந்தவங்க பயப்பட வேணாம், கட்டிப்பால், அதான் உறைஞ்சு போன ரப்பர் பால், அந்த நாத்தம் கிடையாது. வெயிட்டு மட்டும் பயங்கரம், குவீன் சைஸை ஒரு ஆளு தனியா புரட்ட முடியாது. ரப்பர் கையுறை போட்டா தோல் தடிக்கிறவங்க வாங்குறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க.

மெமரி ஃபோம் அடுத்தது. 1966ல நாசாவுக்காக விமான சீட்டுக்கு செஞ்ச சாமான், உடம்பு சூட்டுக்கு இளகி உடம்பு வாகுக்கு குழிஞ்சுடும், தோள் அழுத்தம் குறைக்கிறதுல இதை அடிச்சுக்க ஆளில்லைன்னு சொல்லலாம். பிரச்சனை நம்ம ஊர் சூடுதான். மால்ல ஏர்கான் குளிர்ல, சட்டையோட ரெண்டு நிமிஷம் படுத்தா கொஞ்சம் கெட்டியா, ஜம்முனு இருக்கும். அதே மெத்தை செந்தூல்லயோ ஆயர் ஈத்தாம்லயோ ஃபேன் மட்டும் ஓடற பிளாட்டுக்குள்ள வந்தா, ராத்திரியிலயும் 27, 28 டிகிரி புழுக்கத்துல இன்னும் இளகி, இன்னும் கீழ இறக்கி, உடம்பை சுத்தி அணைச்சு சூட்டையும் பிடிச்சு வச்சுக்கும். கடையில படுத்த மெத்தை வேற, வீட்டுல வந்து இறங்கின மெத்தை வேறன்னு சில பேர் சண்டை போடறதுக்கு இதுவும் ஒரு காரணம். ராத்திரி முழுக்க ஏர்கான் போடற வீடுன்னா மெமரி ஃபோம் எடுங்க, இல்லன்னா பாக்கெட் ஸ்பிரிங் மேல 1, 2 இன்ச்சு மட்டும் மெமரி ஃபோம் உள்ளதா பாருங்க. ஜெல் கலந்தது, கூலிங் துணின்னு சொல்றதெல்லாம் படுத்த முதல் கொஞ்ச நேரத்துக்கு ஜில்லுனு இருக்கும், அதுக்கு மேல நம்பாதீங்க. ஃபோம் எதுவா இருந்தாலும் அடர்த்தி என்னன்னு கேளுங்க, மெமரி ஃபோம் ஒரு கன மீட்டருக்கு 50 கிலோவாவது இருக்கணும், சாதாரண ஃபோம் 30 கிலோ பக்கம். அடர்த்தி தெரியாதுன்னு சொல்ற கடையில ஃபோம் மெத்தை வாங்க வேணாம்.

கடையில படுத்து பாக்குறது

இதுலதான் நேரம் செலவழிக்கணும். எங்க போறதுன்னா, கே.எல். பக்கம் மால்ல உள்ள ஷோரூம், டாமன்சாரா, செராஸ் ஐகியா, சுங்கை பூலோ ஃபர்னிச்சர் கடைங்க, பினாங்குன்னா பத்து கவான் ஐகியாவும் தீவுல உள்ள ஷோரூமும். மிட் வேலி, மைடெக்ல நடக்குற கண்காட்சியில விலை குறையும், ஆனா ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பின்னாடி நாலு பேரு காத்துக்கிட்டு நிக்கும்போது பதினஞ்சு நிமிஷம் கண்ணை மூடி படுக்க எந்த ஆளுக்கும் மனசு வராது, "இன்னைக்கு மட்டும் இந்த விலை"ன்னு வேற காதுகிட்ட சொல்லிக்கிட்டே இருப்பாங்க. வேலை நாள் மத்தியானம் கடை காலியா இருக்கும்போது போய் படுத்து முடிவு பண்ணி மாடல் பேரை எழுதிக்குங்க, விலைக்கு மட்டும் கண்காட்சிக்கு போங்க. ஒரே மெத்தையை ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு பேர் வச்சு விக்கிற வழக்கம் உண்டு, அதனால பேரோட உள்ள என்ன லேயர், எத்தனை இன்ச்சுன்னும் எழுதிக்குங்க.

போகும்போது நீங்க வீட்டுல படுக்குற தலையணையை எடுத்துக்கிட்டு போங்க. வெக்கமா இருந்தா பெரிய பையில போட்டுக்கிட்டு போங்க, ஆனா எடுத்துட்டு போங்க. ஜீன்ஸ் வேணாம், மெல்லிசான துணி. எந்தப் பக்கமா தூங்குவீங்களோ அந்தப் பக்கம் படுத்து, முழங்காலை எப்பவும் மடக்குற மாதிரி மடக்கி, குறைஞ்சது பத்து பதினஞ்சு நிமிஷம். முதல் ரெண்டு நிமிஷம் எல்லா மெத்தையும் சொகமாத்தான் இருக்கும், தோள் வலி பத்தாவது நிமிஷத்துலதான் எட்டிப் பாக்கும்.

முதுகெலும்பு நேரா இருக்கான்னு நமக்கா தெரியாது, ஃபோட்டோ எடுக்கணும். என் தங்கச்சிக்கு மெத்தை பாக்க செராஸ்ல ஒரு கடைக்கு போனப்ப செஞ்சது இது. விலை ஒட்டுற சின்ன வட்ட ஸ்டிக்கர் மூணு, ஒண்ணு கழுத்துக்கு கீழ துருத்திக்கிட்டு இருக்குற எலும்பு மேல, ஒண்ணு தோள்பட்டை எலும்புக்கு நடுவுல, ஒண்ணு பேன்ட் பெல்ட் வர்ற இடத்துல, டீ-ஷர்ட் மேல வரிசையா முதுகெலும்பு கோட்டுல ஒட்டியாச்சு. அவ இடது பக்கமா படுத்தா, மாப்பிள்ளை பின்னாடி தரையில முட்டி போட்டு மெத்தை மட்டத்துல போனை வச்சு எடுத்தாரு. அந்த சீனப் பையன் சேல்ஸ்மேன் முதல்ல சிரிச்சான், மூணாவது மெத்தைக்கு வரும்போது அவனே போனை வாங்கி "சிஸ்டர், டோன்ட் மூவ்"னு எடுக்க ஆரம்பிச்சுட்டான். கடைக்காரர் முதல்ல சிபாரிசு செஞ்ச ஆர்த்தோ மெத்தையில தோள் இறங்கவே இல்ல, மேல ரெண்டு ஸ்டிக்கரும் உசரமா நின்னு, இடை கீழ தொங்கி, முதுகு நடுவுல வளைஞ்சு இருந்துச்சு. மேல தலையணை மாதிரி மெத்து வச்சு தைச்ச, ரொம்ப சாஃப்டான பில்லோ டாப் மெத்தையில படுத்தப்போ கீழ் ஸ்டிக்கர் மட்டும் இறங்கிப் போச்சு, இடுப்பு முழுக்க உள்ள. நடுத்தர பாக்கெட் ஸ்பிரிங்ல மூணும் மெத்தைக்கு இணையா ஒரே கோட்டுல வந்துச்சு. படுத்திருந்த அவளுக்கு பில்லோ டாப்புதான் சொகம்னு தோணுச்சு, ஃபோட்டோவை பாத்த பிறகுதான் மனசு மாறுனா.

ஃபோட்டோ எடுக்க ஆள் இல்லன்னா இன்னொரு வழி, ஒருக்களிச்சு படுத்துக்கிட்டு இடைக்கும் மெத்தைக்கும் நடுவுல கையை விட்டு பாருங்க. கை தாராளமா போயிட்டு வந்தா மெத்தை கெட்டி. விடவே முடியலன்னா, உடம்பு ரொம்ப அழுந்திப் போச்சு. லேசா தடுத்து நுழைஞ்சா சரி. ஃபோட்டோ அளவுக்கு நம்பகமா இருக்காது, இருந்தாலும் வெறும் கையால அமுக்கி பாக்குறதை விட நூறு மடங்கு மேல்.

ரெண்டு பேரு படுக்குற மெத்தைன்னா ஒருத்தர் படுத்திருக்கும்போது இன்னொருத்தர் புரண்டு காட்டணும். ஒருத்தர் ஒருக்களிச்சு, ஒருத்தர் மல்லாந்துன்னா நடுத்தரத்துல போய் முடிங்க, ஒருக்களிச்சு படுக்குறவங்க பக்கம் மட்டும் டாப்பர், அதான் மெத்தை மேல விரிக்கிற மெல்லிசு மெத்தை, போட்டுக்கலாம், ரெண்டு சூப்பர் சிங்கிளை ஒட்டி போடறவங்களும் உண்டு, அறை பெருசுன்னா அது நல்ல யோசனை.

கர்ப்பமா இருக்குறவங்களுக்கு கடைசி மூணு மாசம் ஒருக்களிச்சு படுக்கச் சொல்றாங்க, நெஞ்செரிச்சல் உள்ளவங்களுக்கு இடது பக்கம் நல்லது, குறட்டை விடறவங்களுக்கும் ஒருக்களிச்சா குறையும். அதனால இது வரைக்கும் மல்லாந்து படுத்து பழகினவங்க புதுசா மாறும்போது பழைய கெட்டி மெத்தையில தோள் வலிக்குதுன்னு விட்டுடறாங்க, அவங்களுக்கு புது மெத்தை வரைக்கும் போக வேண்டியதில்லை, மேல ஒரு டாப்பர் போட்டாலே போதும்.

தலையணையும் பந்தால் பெலோக்கும்

மெத்தை எவ்வளவு நல்லதா இருந்தாலும் தலையணை தப்பா இருந்தா கழுத்து வளைஞ்சுதான் இருக்கும். ஒருக்களிச்சு படுக்கும்போது காதுக்கும் தோள் ஓரத்துக்கும் உள்ள இடைவெளியை தலையணை நிரப்பணும், பெரும்பாலானவங்களுக்கு அமுங்கின பிறகு 10லருந்து 15 சென்டிமீட்டர் உசரம் வரும். சாஃப்ட் மெத்தையில தோள் கூட இறங்குறதால தலையணை கொஞ்சம் தாழ்வா போதும், கெட்டி மெத்தைக்கு உசரம் கூட வேணும், அதனால மெத்தை மாத்தினா தலையணையும் மாறலாம், முன்கூட்டியே வாங்கி வைக்காதீங்க.

அப்புறம் நம்ம ஊர் வரம் ஒண்ணு இருக்கு, கட்டிப்பிடிச்சு படுக்குற நீள தலையணை, பந்தால் பெலோக். வெளிநாட்டுல முழங்காலுக்கு நடுவுல வைக்கிறதுக்குன்னே தனி தலையணை விக்கிறாங்க, நம்ம வீட்டுல சின்ன புள்ளையிலருந்து அது இருக்கு. மேல்காலை அது மேல போட்டா இடுப்பு முன்னாடி திருகாது, மேல்கையை போட்டா தோள் முன்பக்கம் இழுக்காது. முழங்கால் மட்டும் இல்ல, கணுக்கால் வரைக்கும் அது மேல வரணும். பெரியவன் ஆயிட்டேன்னு அதை தூக்கி ஸ்டோர்ல போட்டவங்க திரும்ப எடுத்துக்குங்க.

கட்டில், தரை, லிஃப்ட்

வாடகை அறையில மெத்தையை நேரா தரையில போட்டு படுக்குறது இங்க சகஜம். நம்ம ஈரப்பதத்துல அடியில காத்து போகாம சில மாசத்துல கறுப்பா பூஞ்சை பிடிச்சுடும், பல வாரன்டியில பூஞ்சைக்கு கிளெய்ம் கிடையாது. கட்டில் வாங்க முடியலன்னா பலகை பட்டியாவது அடியில போட்டு வாரத்துக்கு ஒருக்கா மெத்தையை சுவத்துல சாத்தி வைங்க. பட்டி போட்ட கட்டில்ல பட்டிக்கு நடுவுல இடைவெளி 7, 8 சென்டிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது, இருந்தா ஃபோமும் லேட்டக்ஸும் இடுக்குல இறங்கி தொங்கும். குவீன், கிங்குக்கு நடுவுல தாங்கு கால் இருக்கணும்.

டெலிவரி பேசும்போது எத்தனாவது மாடி, லிஃப்ட் இருக்கா, மெத்தை லிஃப்டுக்குள்ள போகுமான்னு முதல்லயே சொல்லிடுங்க. ஜோர்ஜ்டவுன் பழைய கடைவீட்டு மரப்படியில கிங் சைஸ் ஸ்பிரிங் மெத்தையை திருப்பறது லேசான காரியம் இல்ல, லிஃப்ட் இல்லாத பிளாட்டுக்கு மாடிக் கணக்குல கூலி கேப்பாங்க. அந்த மாதிரி வீட்டுக்கு பெட்டியில சுருட்டி வர்ற மெத்தை வசதி. பழைய மெத்தையை எடுத்துட்டு போவாங்களா, அதுக்கு காசான்னும் கேட்டுக்குங்க, இல்லன்னா அது மாசக்கணக்குல உங்க வாசல்லதான் நிக்கும்.

காசு குடுக்குறதுக்கு முன்னாடி

தவுக்கே, அதான் கடை முதலாளிகிட்ட கேக்க வேண்டியது ரெண்டே ரெண்டு விஷயம், ஆனா ரெண்டையும் ரசீதுல எழுத வைங்க. ஒண்ணு, வீட்டுல படுத்து பாத்துட்டு ஒத்துவரலன்னா மாத்தித் தருவாங்களா, எத்தனை நாளுக்குள்ள, டெலிவரி காசு யாரு குடுக்குறது. ஆன்லைன்ல விக்கிற சில பிராண்டு 100 ராத்திரி வரைக்கும் டிரையல் குடுக்குறாங்க, ஒருக்களிச்சு படுக்குறவங்களுக்கு கடையில படுத்து பாக்க முடியாத குறையை அது ஈடு கட்டும், ஆனா கறை பட்டா செல்லாதுன்னு கண்டிஷன் இருக்கும், அதனால முதல் நாள்லருந்தே புரொடெக்டர், அதான் மெத்தை உறை, போடணும். புரொடெக்டர் மெல்லிசா இழுபடுற துணியில இருக்கட்டும், தடிமனான பிளாஸ்டிக் போட்டா வேர்த்துக் கொட்டறதோட தோள் இறங்குறதும் தடைபடும்.

ரெண்டாவது, வாரன்டி. "10 வருஷம்"னு பெருசா எழுதியிருப்பாங்க, அது பெரும்பாலும் மெத்தை தானா குழி விழறதுக்கு, அதுவும் இத்தனை இன்ச்சுக்கு மேலன்னு அளவு இருக்கும், 1 இன்ச்சா ஒண்ணரையான்னு பாருங்க. "சொகமா இல்ல"ங்கறதுக்கு எந்த வாரன்டியும் வராது.

மெத்தையில கோளாறு இருந்தும் கடை கையை விரிச்சா பயனீட்டாளர் டிரிபியூனலுக்கு போகலாம். 1999 பயனீட்டாளர் பாதுகாப்பு சட்டத்துல உள்ளது, 50,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், வரைக்கும் கேக்கலாம், மனு போட 5 வெள்ளிதான், வக்கீல் வச்சு பேச முடியாது, ரெண்டு பக்கமும் நேரா வந்து பேசணும். பிரச்சனை வந்த 3 வருஷத்துக்குள்ள போடணும். ரசீது, வாரன்டி அட்டை, வாட்ஸ்ஆப்ல பேசினது, குழி மேல நேரான கம்பை வச்சு ரூலரால அளந்து எடுத்த ஃபோட்டோ, இதெல்லாம் இருந்தா போதும். பினாங்குல உள்ளவங்க முதல்ல பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துல போய் ஆலோசனை கேக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

பெட்டியில வந்த மெத்தையை உடனே பிரிச்சு ஜன்னலை திறந்து வச்சு ஒண்ணு ரெண்டு நாள் விடுங்க, முழு உசரத்துக்கு வரவும் வாடை போகவும் நேரம் எடுக்கும். முதல் ரெண்டு மூணு வாரம் கொஞ்சம் கெட்டியாவே தெரியும், பழைய குழிக்கு பழகின உடம்பும் சேர்ந்து முரண்டு பிடிக்கும், மூணாவது நாளே கடைக்கு ஃபோன் போடாதீங்க. ஒரு மாசம் தாண்டியும் கை மரத்துப் போச்சுன்னா மாத்திடுங்க. மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா தலைமாடு கால்மாடு மாத்தி போடுங்க, ஒருக்களிச்சு படுக்குறவங்க ஒரே இடத்துல தோளை வச்சு அழுத்துறதால அந்த இடம் சீக்கிரம் அமுங்கும்.

இப்ப புது மெத்தைக்கு காசு இல்லன்னா 2, 3 இன்ச்சு லேட்டக்ஸ் டாப்பர் வாங்கி பழைய மெத்தை மேல போட்டு பாருங்க, மெத்தை விலையில சின்ன பங்குதான் வரும், கெட்டி மெத்தையில தோள் வலிக்கிறவங்களுக்கு பல நேரம் அதுவே போதுமானதா இருக்கும், பின்னாடி வீடு மாறினா சுருட்டி எடுத்துக்கிட்டும் போயிடலாம். பழைய மெத்தை நடுவுல குழி விழுந்ததா இருந்தா மட்டும் டாப்பருக்கு காசு செலவு பண்ணாதீங்க, மேல எதை போட்டாலும் அதுவும் குழிக்குள்ளதான் இறங்கும்.